பெண்கள் விடுதியில் இடம் கேட்ட விநாயகம்

எந்தக் காரியத்தையும் இரண்டாம் முறை சரிபார்க்காமலே வெற்றி கண்டவர்கள் இந்த அண்டத்தில் இருவர்தான். ஒருவர் அதைப் படைத்தவர். மற்றவர் தியாகராய நகரில் பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் சாய்நாத்.

இதைச் சொன்னவரும் சாய்நாத்தான். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கீழே குக்கர் மூடிக்கு விலை பேசிக்கொண்டிருந்த மனித குலத்தை ஜன்னல் வழியே இரக்கத்துடன் பார்த்தபடி சொன்னார்.

"படைச்சவரும் கொசுவப் பாத்துட்டு ஒரு தபா யோசிச்சிருப்பாரு சார்" என்றாள் தேவானை.

தேவானை அவருடைய உதவியாளர். இங்கே சேருவதற்கு முன்பு அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை ஸ்கூட்டரில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் பேசாமல் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பூட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டாள். அன்றைய சொற்பொழிவு கிளம்பியதும் அப்படி ஒரு பழக்கத்தால்தான்.

நிலையத்துக்கு இணையத்தில் புகார்ப் படிவம் ஒன்று தயாராகியிருந்தது. வாடிக்கையாளர்கள் வீட்டில் இருந்தபடியே சந்தேகப்படலாம். ஊருக்கு அனுப்புமுன் நாமே ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிடலாமே என்று தேவானை கேட்டாள்.

"தன் வீட்டிலேயே சுவரேறிக் குதித்துத் திருட்டுப் பயம் இருக்கிறதா என்று பார்க்கிறவன் புத்திசாலியா?" என்றார் சாய்நாத். "சரிபார்ப்பது குமாஸ்தாக்களுக்கு வருகிற வியாதி. உனக்கு முற்றிவிட்டது. பூட்டிலேயே கவனித்தேன்."

தேவானை பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத இடங்களில் ஆட்கள் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. மனதில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

அப்போதுதான் மந்தைவெளியிலிருந்து அழைப்பு வந்தது.

தாழம்பூ மகளிர் விடுதியின் செயலாளர் அனந்தராமன் தன் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோபத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, தேவானை சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள்.

ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள் நகரத்துக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தங்க இலவச இடம் கொடுப்பது இந்த விடுதி. கட்டில்களோ கொஞ்சம். வழக்கம்போல இந்த ஆண்டும் விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் திறந்தார்கள். நிரப்பி அனுப்பிய அத்தனை பெண்களுக்கும் அடுத்த நொடியே ஒரு பதில் போயிருக்கிறது: 'வாழ்த்துகள். நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். ஞாயிறு காலை பாய், பக்கெட்டுடன் வரவும்.'

ஞாயிறு காலை வந்துவிட்டார்கள். தெரு முனை வரைக்கும் பக்கெட். சிவப்பு, நீலம், மூடி உள்ளது, மூடி இல்லாதது. யாரோ படம்பிடித்து இணையத்தில் போட, அனந்தராமன் மறுநாள் கோயிலுக்குப் போனபோது பின்னால் ஒருவர் 'பக்கெட் மாமா' என்று மென்மையாகச் சொல்லியிருக்கிறார்.

"படிவத்தை இந்தத் தரம் நானே பண்ணினேன் சார்" என்றார் அனந்தராமன். "போன வருஷத்துதை நகல் எடுத்து, கேள்வியெல்லாம் மாத்தி, பத்தே நிமிஷம். நான் ஒரு தரம் பண்ணினா பண்ணினதுதான். திரும்பிப் பார்க்கற வழக்கம் கிடையாது."

காணாமல் போன தம்பியைத் திருவிழாவில் கண்டுபிடித்தவர் போல சாய்நாத் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அனந்தராமனின் வாதம் எளிமையானது. அவர் செய்தது தவறாக இருக்க முடியாது. ஆகவே யாரோ உள்ளே புகுந்து பதிலை மாற்றியிருக்கிறார்கள். கடவுச்சொல் அவரைத் தவிர இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மணிமொழி, விடுதியின் கணினி வேலையைப் பார்ப்பவள். இதே விடுதியில் தங்கிப் படித்து, இதே விடுதியில் வேலைக்குச் சேர்ந்தவள். அவளுடைய குடும்பத்தையும் ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டபிறகு இங்கேயே ஒரு மூலை அறையில் இருக்கிறாள். போலீசுக்கு எழுதிய புகார் மேஜையில் தயாராக இருந்தது. அன்று சாயந்திரம் நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் வேறு பெயர் கிடைக்காவிட்டால் அதில் மணிமொழியின் பெயர் எழுதப்படும். வேலை, அறை, மானம் மூன்றும் ஒரே தாளில் போய்விடும்.

"செஞ்சது யாரா இருந்தாலும் சரி, நான் பட்டதை அவா படணும்" என்றார். அப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரல்தான் பயமாக இருந்தது.

காவலாளி தேநீரும் எள்ளுருண்டையும் கொண்டுவந்தார். அனந்தராமன் தட்டை விருந்தாளிகள் பக்கம் தள்ளினார். எள் தனக்கு ஆகாது, பட்டால் உதடு வீங்கிவிடும் என்றார். தேவானை அவர் பங்கையும் நியாயமாகத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள்.

பக்கத்து அறையில் மணிமொழி அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். தான் எதையும் தொடவில்லை என்பதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்நாத் பழைய ஆண்டுகளின் விண்ணப்பங்களைக் கேட்டார். இடம் கிடைக்காமல் கறுவிக்கொண்டிருக்கும் யாராவது இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அவள் திரையில் காட்டினாள்.

சாய்நாத்தின் விரல் நின்றது. ஒவ்வோர் ஆண்டும் முதல் விண்ணப்பம் ஒரே ஆளிடமிருந்து. பெயர் விநாயகம். பால், ஆண்.

"பெண்கள் விடுதிக்கு வருஷா வருஷம் விண்ணப்பிக்கிற ஆண்" என்றார் சாய்நாத் மெல்ல.

"ஆம்பளன்னு பாத்ததும் தள்ளி வெச்சிடுவேன் சார். மேல படிச்சதில்ல" என்றாள் மணிமொழி.

சாய்நாத் படித்தார். தகப்பனார் பெயர் பரமசிவம். உடன்பிறந்தவர், தம்பி ஒருவன். உடற்குறை, ஒரு பல் உடைந்தது. தொழில், எழுத்தர். வாகனம் உண்டு, சிறியது. உணவில் விருப்பம், கொழுக்கட்டை. உணவில் ஆகாதது, எள். விடுதியில் சேரக் காரணம்: 'ஒரு பழத்துக்காகத் தம்பி கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.' தொலைபேசி எண் முழுக்க ஒன்பது.

"கள்ள எண், உடைந்த பல், சொத்துத் தகராறு. பழம் என்பது ஏதோ தோப்பு." சாய்நாத்தின் கண்கள் பளபளத்தன. "ஒவ்வோர் ஆண்டும் மறுத்திருக்கிறீர்கள். இந்த ஆண்டு மட்டும் அவன் விண்ணப்பிக்கவில்லை. ஏன்? பழி வாங்க வந்துவிட்டான்."

பரமசிவம் என்ற இடத்திலேயே தேவானைக்குப் பாதி புரிந்தது. தம்பி மலைக்குப் போன இடத்தில் மீதியும் புரிந்தது. வாயைத் திறந்தாள். அப்போது 'குமாஸ்தா வியாதி' என்ற சொல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, அதில் மிச்சமிருந்த எள்ளுருண்டையைச் சுவைக்கத் தொடங்கினாள்.

"அட்ரஸ் கீதா பாருங்க சார்" என்றாள் பணிவாக.

இருந்தது. 'அரசமரத்தடி, தெரு முனை, மந்தைவெளி.'

வண்டிச் சத்தம் கேட்டால் ஆள் தப்பிவிடுவான் என்று சாய்நாத் நடந்தே போகத் தீர்மானித்தார். உச்சி வெயில். தேவானை எதிர்ப்பே சொல்லாமல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். வழியில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த கபாலி என்பவரிடம் சாய்நாத் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

"விநாயகமா?" என்றார் கபாலி. "அரசமரத்தாண்ட உக்காந்துனு இருப்பாரு. எங்க போவப்போறாரு?"

"ஆள் எப்படி?"

"நல்ல தொந்தி. யார் வம்புக்கும் போமாட்டாரு."

"கூட யாராவது இருப்பார்களா?"

கபாலி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "காலாண்ட ஒரு எலி."

"எலி. அடியாளின் பட்டப்பெயர்" என்று தேவானையிடம் முணுமுணுத்தார் சாய்நாத். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முனையில் சட்டென்று திரும்பினார்.

அரசமரம் இருந்தது. அதன் அடியில் கம்பிக் கதவுக்குப் பின்னால், புது வேட்டி கட்டி, அறுகம்புல் மாலை போட்டுக்கொண்டு, ஒரு பல் உடைந்த விநாயகம் சகல சாவகாசத்துடன் உட்கார்ந்திருந்தார்.

மரத்திலிருந்து ஒரு காக்கை ஏதோ சொல்லிவிட்டுப் போனது.

"சார்" என்றாள் தேவானை. "மச்சாண்டார் எதிர்ல செருப்போட நிக்காதீங்க."

சாய்நாத் செருப்பைக் கழற்றினார். "எப்போது தெரிந்தது உனக்கு?"

"அங்கியே தெரியும் சார். எம் பேரு தேவானை. முருகனோட அண்ணன் எனக்கு இன்னா முறைன்னு தெரியாதா? நீங்க ஒரு தபா படிச்சா படிச்சதுதான்னு சொல்லுவீங்களே, அதான் குறுக்க பேசல."

அவளுக்குக் கொஞ்ச நேரம் தித்திப்பாக இருந்தது. பிறகு மேஜைமேல் கிடந்த புகாரும், அழுது முடித்த முகமும் நினைவுக்கு வந்தன. வெயிலில் வீணாய்ப் போன நேரம் சாய்நாத்தினுடையது அல்ல, மணிமொழியினுடையது. தித்திப்பு போய்விட்டது.

அவள் எதிர்பார்த்தது திட்டு. சாய்நாத் திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் எடுத்துவந்த விநாயகத்தின் விண்ணப்பத்தைத் திறந்து, முதலிலிருந்து மறுபடி படித்தார். அவர் எதையாவது இரண்டாம் முறை படிப்பதை தேவானை அன்றுதான் பார்த்தாள். அதைச் சொல்லிக்காட்ட அதுவல்ல நேரம் என்று விட்டுவிட்டாள்.

"பல் பொருந்துகிறது. தம்பி பொருந்துகிறான். பாரதம் எழுதியவர் எழுத்தர்தான்" என்றார். "எள் பொருந்தவில்லை. எந்தப் பிள்ளையாராவது எள்ளுக் கொழுக்கட்டையை வேண்டாம் என்றிருக்கிறாரா?"

தேவானை தன் விரல் நுனியைப் பார்த்தாள். ஓர் எள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மற்றதெல்லாம் சாமியைப் பார்த்து எழுதியது" என்றார் சாய்நாத். "ஆகாத உணவு என்று வந்ததும், கை யோசிக்காமல் தன் வீட்டுச் சமையலறையை எழுதிவிட்டது. எழுதியவர் வீட்டில் எள் வாங்குவதில்லை. வாங்கினால் ஒருவருக்கு உதடு வீங்கும்."

"செயலாளர் வீட்டம்மாவா?"

"ஊருக்குத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு படிவத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டு நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஆண்டு யாரும் உள்ளே புகுந்து எதையும் மாற்றவில்லை." சாய்நாத் எழுந்தார். "விநாயகம் வரவில்லை. அதனால் பக்கெட் வந்தது."

அனந்தராமனின் வீடு விடுதிக்கு எதிரே, இரண்டாவது மாடி. கதவைத் திறந்த சூடாமணி இருவரையும் பார்த்ததும், இவ்வளவு தாமதமா என்பது போல வழிவிட்டாள்.

"விநாயகத்தைத் தேடிண்டு வந்தேளாக்கும். உக்காருங்கோ."

மறைக்கிற எண்ணமே அவளிடம் இல்லை. முந்தைய ஆண்டுகளில் மணிமொழி படிவம் தயாரிப்பாள். கணவர் ஒப்புக்குப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவருவார், பார்க்காமல் தூங்கிவிடுவார். அவள் உட்கார்ந்து நிரப்புவாள். பெண்கள் விடுதிக்கு ஆண் பெயரைப் போட்டால் படிவம் தடுக்கிறதா, எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் விழித்துக்கொள்கிறதா, அனுப்பினால் என்ன பதில் வருகிறது என்று பார்ப்பாள். விநாயகம் உள்ளே நுழைய முடிகிறது என்று வருஷா வருஷம் எடுத்துச் சொன்னாள். அதை மட்டும் கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்ற தப்பெல்லாம் மறுநாள் அவர் கண்டுபிடித்த தப்புகளாக மணிமொழியிடம் போய்ச் சேரும்.

"அதுகூடப் பரவாயில்லை" என்றாள் சூடாமணி. "ஆண்டு விழாவுல மைக்கைப் பிடிச்சுண்டு, 'எங்காத்துல ஒருத்தி, நான் பார்த்த படிவத்தை எனக்கே நிரப்பிக் காட்டறா, வேலையில்லாதவாளுக்குப் பொழுது போகணுமோல்லியோ'ன்னார். கூட்டமே சிரிச்சது. நான் மூணாவது வரிசைல இருந்தேன். இந்தத் தரம் தானே பண்ணப்போறேன், யாரும் தொடப்படாதுன்னார். தொடலை."

"தப்பு இருப்பது தெரியுமா?" என்று கேட்டார் சாய்நாத்.

"போன வருஷம் தேர்வான பொண்களுக்கு அனுப்பின படிவத்தைத்தான் நகல் எடுத்தார். கேள்வியை மாத்தினார். பின்னாடி தானாப் போற பதிலை மாத்தலை. தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். வாயைத் திறக்கலை."

தேவானைக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே அடுத்த கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. கேட்டாள்.

"அந்தப் பொண்ணுங்களை நெனச்சீங்களாம்மா?"

சூடாமணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை இங்கேர்ந்துதான் பார்த்தேன். அவர் வாசல்ல நின்னு முழிச்சதைப் பார்க்க நன்னாத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பொண்ணு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, அதுமேல உக்காந்து அழுதது. அதுக்கப்புறம் நன்னாயில்லை."

"இன்னிக்கி சாய்ங்காலம் மணிமொழிய போலீஸ்ல குடுக்கப்போறாங்கம்மா" என்றாள் தேவானை. "மாத்தினது அதுதான்னு உங்க வீட்டுக்காரர் எழுதியே வெச்சிட்டாரு."

சூடாமணிக்கு அது தெரியாது. தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. விருட்டென்று உள்ளே போனாள். குளியலறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு பக்கெட் இருந்தது.

நிர்வாகக் குழு கூடியிருந்தது. அனந்தராமன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மணிமொழி சுவரோரம் நின்றாள். மனைவி பக்கெட்டோடு நுழைந்ததைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ வாசனை அடித்துவிட்டது.

சாய்நாத் பேச வாயெடுத்தார். சூடாமணி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். பிறகு கணவரிடம், அந்தப் படிவம் இன்னும் திறந்துதானே கிடக்கிறது என்று கேட்டாள். கிடந்தது. மூட யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க போன்லயே நிரப்புங்கோ. கேள்வி வரிசையா வரும். பேர், விநாயகம்."

அவர் குழுவைப் பார்த்தார். குழு அவரைப் பார்த்தது. நிரப்பினார். பல், தம்பி, கொழுக்கட்டை என்று அவள் சொல்லச் சொல்லத் தட்டினார். எள் வந்தபோது மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பார்வை நகரவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் கைப்பேசி கிணுகிணுத்தது.

"படிங்கோ."

அவர் உதடு அசைந்தது.

"மைக்ல பேசற குரல்ல படிங்கோ."

"வாழ்த்துகள்" என்று படித்தார் அனந்தராமன். "நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். ஞாயிறு காலை பாய்..." பக்கெட் என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

சூடாமணி பக்கெட்டை அவர் எதிரே மேஜைமேல் வைத்தாள். புகாரின் மேல், சரியாக நடுவில். "யாரும் எதையும் மாத்தலை. நீங்க பண்ணினபடியேதான் இருக்கு. ஒரு தரம் பண்ணினா பண்ணினதுதானே."

சாய்நாத் அந்த வாக்கியம் முடியும்போது தன் சட்டைப் பித்தானை மிகுந்த அக்கறையுடன் ஆராய்ந்துகொண்டிருந்ததை தேவானை கவனித்தாள்.

மணிமொழி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். பக்கெட்டைச் சற்றுத் தூக்கி, அடியிலிருந்த புகாரை உருவினாள்.

"பேர் எழுதற எடம் காலியா இருக்கு சார். உங்க பேர் எழுதிடவா, இல்ல கிழிச்சிடவா?"

அவள் அவசரப்படவில்லை. அவர் பட்ட ஞாயிற்றுக்கிழமையைவிட அவருக்கு அந்த நேரம் நீளமாக இருந்திருக்கும்.

"கிழிச்சிடும்மா" என்றார் கடைசியில்.

அவள் கிழித்தாள். ஒரு தடவை கிழித்து, போதாதென்று இன்னொரு தடவையும் கிழித்து, பக்கெட்டுக்குள் போட்டாள்.

சூடாமணியின் கணக்கு இன்னும் தீரவில்லை. பக்கெட்டோடு வந்த ஒவ்வொரு பெண்ணையும் அனந்தராமனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். அதோடு அவருடைய குளிர்சாதன அறையில் மேஜையை எடுத்துவிட்டால் இரண்டு கட்டில் தாராளமாகப் போடலாம் என்றாள். குழு கையைத் தூக்கியது. முதல் கட்டில் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அன்று அழுத பெண் கவிழ்த்துப்போட்டது நீலப் பக்கெட் என்பதுவரை நினைவிருந்தது. ஜன்னலில் நின்று பார்த்ததற்கு அதையாவது செய்கிறேன் என்று தேவானையிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தேவானை நிலையத்துக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அவளுக்கு முன்னால் சாய்நாத் வந்தது அதுவே முதல் தடவை. கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வணக்கம் சொன்னதற்கு, காற்று வரவில்லை என்று பதில் சொன்னார்.

அவள் உள்ளே போய்த் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். புதுப் புகார் வந்தால் அவள் கைப்பேசி மணியடிக்கும்படி ஏற்பாடு. படிவத்தை இன்னும் ஊருக்கு அனுப்பவில்லை. ஆனாலும் மணி அடித்தது.

புகார்தாரர் பெயர், விநாயகம். தகப்பனார், பரமசிவம். பால், ஆண். புகார், தம்பியைக் காணவில்லை. கீழே, நிலையத்திலிருந்து அவருக்குத் தானாகவே போன பதில்: 'அம்மா, உங்கள் கணவர்மேல் உங்களுக்குள்ள சந்தேகம் நியாயமானதே. இன்றே பின்தொடர்கிறோம்.'

வெளி அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு மெல்லிய இருமல். பிறகு வேகமாகத் தட்டெழுதும் சத்தம். பால் பொங்குவதற்குள் மணி மறுபடி அடித்தது. மறுபடியும் விநாயகம். இந்த முறை பதிலில் அம்மாவும் இல்லை, கணவரும் இல்லை.

தேவானை தேநீரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் திரையை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார், புது கேஸா?"

"குடும்ப விவகாரம்" என்றார் சாய்நாத், நிமிராமல். "ஒருவருடைய தம்பியைக் காணோமாம்."

"மலைப் பக்கம் தேடச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். உட்காருவதற்குள் கைப்பேசி மூன்றாவது முறையாக மணியடித்தது.